நின்ன இடத்துல ஓடின மணி

மேடையில என் பொண்ணு. பக்கத்துல மாப்பிள்ளை. அவரோட அப்பா, அம்மா. ஐயர். என் பொஞ்சாதி. அவ தம்பி, சின்ன மச்சான். அவ அண்ணன், பெரிய மச்சான். அப்புறம் நான். சிதம்பரத்துல கல்யாண மண்டபம்.

எங்கள்ல பொண்ணு நெத்தியில தாய்மாமன்தான் பட்டம் கட்டணும். பெரியவர் இருக்கும்போது சின்னவர் கட்டுறது கிடையாது. பெரிய மச்சான் பட்டு வேட்டியில வந்து என் கையில இருந்த பட்டத் தட்டுக்குக் கையை நீட்டினார்.

நான் குடுக்கல.

பொண்ணு பைலட். லைசென்ஸுக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்கணும். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில இந்தப் பெரிய மச்சான்தான் மேனேஜர். நம்பிச் சேர்த்தேன். ஃபீஸ் கட்டவே காடாம்புலியூர் முந்திரித் தோப்பு போச்சு. அங்க பிளேனைத் தரையிலயே நிறுத்தி எஞ்சினை ஓட விடுவாங்களாம். உள்ள உக்காந்திருந்தா பறந்ததா எழுதிக்குவாங்க. பொண்ணு கேட்டிருக்கா. "எல்லாரும் இப்படித்தான், வாயை மூடிக்கிட்டு உக்காரு"ன்னாராம் இவர்.

லைசென்ஸ் வந்துச்சு. மேல்பயிற்சிக்குக் குளிர் நாட்டுக்குப் போனா. ஒருநாள் மேகத்துக்குள்ள றெக்கையில ஐஸ் படிஞ்சிடுச்சு. வேகம் குறைஞ்சுது. இவ பயந்துபோய் பிளேன் மூக்கைத் தூக்கியிருக்கா. அப்ப தூக்கினா பிளேன் விழுந்துடும். பக்கத்துல இருந்த வாத்தியாரம்மா இவ கையைத் தட்டிவிட்டு மூக்கை இறக்குனாங்க. அதனால உசுரோட இருக்கா.

போன்ல சொன்னா. "நெஜமா பறந்திருந்தா கைக்கே தெரிஞ்சிருக்கும்ப்பா."

நான் இந்தக் கல்யாணத்துக்குக் காத்திருந்தேன்.

"என்ன மச்சான், தட்டைக் குடுங்க. நேரம் ஆவுது"ன்னார் பெரிய மச்சான்.

மேளத்தை நிறுத்தச் சொன்னேன். "இவ நெஜமா பறந்தது எத்தினி மணி? சொல்லுங்க மச்சான்."

"இப்ப எதுக்கு அது? சம்பந்தி நிக்கிறாங்க."

"அதுக்குத்தான்."

பொஞ்சாதி சட்டையைப் பிடிச்சி இழுத்தா. "எங்கண்ணன்ங்க. விடுங்க."

விடல. பொண்ணு தலையைத் தூக்கி அவரையே பார்த்தா.

"சொன்னா கட்ட விடுவீங்களா?"

"சொல்லுங்க."

என் காதுல முணுமுணுத்தார்.

"சம்பந்திக்குக் கேக்கல. சபையைப் பார்த்துச் சொல்லுங்க."

திரும்பினார். தட்டைச் சின்ன மச்சான் கையில வெச்சேன். கட்டுன்னு கண்ணைக் காட்டினேன். அவர் கட்டிட்டார். பெரிய மச்சான் முதுகுக்குப் பின்னால அது நடந்துச்சு. அவர் சபையைப் பார்த்துச் சத்தமா சொன்னார்.

அறுபத்தி மூணு மணி.