போட்டு வாறன்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பேய்ப்படம் பார்த்தபடியே சோறு சாப்பிடுகிற ஆள் நான். ஆனாலும் போன நவம்பர் பௌர்ணமியன்று ஜெர்மனியில் ஹம் நகரில் நடந்த இது, என் பிள்ளையாணை உண்மை.

மாலி தாய்லாந்துக்காரி. முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறாள். அந்தப் பௌர்ணமிக்கு அவர்கள் ஆற்றில் விளக்கு விடுவார்கள். லோய் கிராதோங் என்று பெயர். விளக்கை மிதக்கவிட வாழையிலைக்கு இங்கே எங்கே போவது? பாண் ரொட்டித் துண்டில் செவ்வந்திப் பூவும் மெழுகுதிரியும் குத்தி எனக்கும் ஒன்று செய்து தந்தாள்.

"முடி கொஞ்சம் வை. போ என்று சொல்லி விடு. துக்கம் ஆற்றோடு போகும்," என்றாள் ஜெர்மனில்.

என் மகன் நிலக்சனின் சீப்பிலிருந்த முடியை வைத்தேன். மாசியில் சைக்கிளில் போனவனை லொறி அடித்துவிட்டது. அன்று காலை அவன், "போறன் அம்மா" என்றான்.

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு," என்று வழக்கம்போலக் கத்தினேன். வீட்டை விட்டுப் போகிற பிள்ளை திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அதற்குள் கதவைச் சாத்திவிட்டான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒவ்வொரு இரவும் அவன் சாவிச் சத்தத்துக்குக் காத்துக் கிடந்தேன். அவனைப் போகவிடாவிட்டால் எனக்கு விசர்தான் பிடிக்கும்.

மாலை ஆறு மணி. லிப்பே ஆற்றில் விளக்கை விட்டேன். "போ" என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"போட்டு வா, ராசா."

விளக்கு பாலம் வரை போனது. அங்கே நின்றது...

திரும்பியது.

காற்றில்லை. மாலி விட்ட மற்ற விளக்குகள் எல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தன. என்னுடையது மட்டும் நீரோட்டத்துக்கு எதிரே வந்தது. சுடர் அசையவே இல்லை.

டக்... என் காலடிக் கல்லில் முட்டியது.

டக்... டக்...

மாலி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "தொடாதே. போகச் சொல்."

ஏலாது. பெற்றவள் எப்படிச் சொல்வாள்?

டக்...

சொன்னேன்.

"போ, ராசா."

சுடர் அணைந்தது.

அழுதபடி வீட்டுக்கு வந்தேன். அவன் போனதிலிருந்து முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன்.

மறுநாள் உருளைக்கிழங்கு சீவும்போது மாலி கேட்டாள். "நேற்று விளக்கு அணைந்ததும் உனக்குப் பின்னால் ஒரு பையன் ஏதோ சொன்னானே... உங்கள் மொழியா?"

எனக்குப் பின்னால் யாரும் இருக்கவில்லை. எனக்கு எதுவும் கேட்கவுமில்லை.

"என்ன சொன்னான்?"

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மாலி, யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"போட்டு... வாறன்... அம்மா."

இரவில் இப்போது நான் கதவைப் பூட்டுவதில்லை.