சிவசாமி அண்ணனின் நிலவறை

என் அண்ணன் சிவசாமி நாற்பத்தொரு வயதில் இறந்தார். கடைசி ஆறு ஆண்டுகளை வீட்டுக்கு அடியிலிருந்த ஓர் அறையில் கழித்தார். யாரும் அவரை அங்கே அடைத்து வைக்கவில்லை.

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊர். விதைநெல் போட்டுவைப்பதற்காக அப்பா தோண்டிய நிலவறை அது. பத்தடிக்கு எட்டடி. இறங்க ஒன்பது படி. சுற்றிலும் பூசாத செம்பாறாங்கல். மழைக்காலத்தில் கல் கசிந்து நெல் முளைவிட்டதால் அப்பாவே அதைக் கைவிட்டிருந்தார்.

அண்ணன் இரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் எழுத்தர். ஜப்பான்காரனின் முதல் குண்டு விழுந்த அன்று விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூட்டத்தில் அவரும் நின்றார். சரியாகத் தெரியவில்லை என்று மூக்குக் கண்ணாடியை எடுக்க ஆலைக்குள் போனார். திரும்பி வந்தபோது அங்கே யாரும் நிற்கவில்லை. அவரும் பிரகதாம்பாள் மதினியும் காட்டிலும் மலையிலும் நடந்து, படகேறி, ரயிலேறி, நாற்பத்திரண்டாம் ஆண்டு பங்குனியில் ஊர் வந்து சேர்ந்தார்கள். மதினி தேறிவிட்டார். அண்ணன் முற்றத்தைக் கடக்கும்போதுகூட மேலே பார்த்துக்கொண்டேதான் போவார்.

ஆனியில் மதினி முழுகாமல் இருப்பது தெரிந்தது. அந்த வாரமே அண்ணன் நிலவறையிலிருந்த பழஞ்சாமான்களை வெளியே அள்ளினார். பிள்ளை அங்கேதான் பிறக்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் அறை உலர்ந்திருக்க வேண்டும் என்றார். கொத்தனார் ராக்கன் வந்து சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தார். அரைத்த சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் ஊற்றிப் பூசி, கூழாங்கல்லால் இழைத்தால் ஈரம் ஏறாது என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

“ஒங்க கெணத்துத் தண்ணி உவருண்ணே. இதுல கொழைச்சா செவரு வேர்த்துக்கிட்டே இருக்கும். ஊருணித் தண்ணிதான் வேணும்.”

ஊருணி குடிப்பதற்கு மட்டும். அதில் கால்கூட நனைக்கக் கூடாது. வேறெதற்கும் எடுக்க ஊர்த்தலைவரான அம்பலகாரரின் சம்மதம் வேண்டும். அண்ணன் போய்க் கேட்டார். ஆடி மாதம், ஊருணி அடிமட்டத்தில் கிடந்தது.

“பர்மாவுல வீட்டைத் தரைக்குக் கீழதான் கட்டுவாங்களா சிவசாமி?” என்றாராம் அம்பலகாரர். “குடிக்கவே தண்ணி முட்டு. எலிவளைக்குப் பூச எறைக்கச் சொல்றியா?”

உடனிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மழை வந்து ஊருணி நிறையட்டும், அப்புறம் பூசலாம் என்றார் ராக்கன். மழைக்கு முன்பு முடிய வேண்டும் என்பதுதானே அண்ணனின் அவசரம்.

புதுக்கோட்டைக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். கிணற்றுத் தண்ணீரிலேயே பூசினால் என்ன என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

“ஈரமெல்லாம் ஆவியாப் போயிரும்ணே,” என்றேன். “காஞ்சப்பறம் எந்தத் தண்ணியில கொழைச்சா என்ன?”

தண்ணீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும் என்பது வகுப்பில் என் கையாலேயே செய்து பார்த்த சோதனை. அன்று அது நினைவுக்கு வரவில்லை. ராக்கன் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

கடைசிப் பூச்சை இழைக்கத் தொடங்கினால் ஒரு சுவர் முடியும்வரை கையை எடுக்கக் கூடாது. விட்டுத் தொட்டால் அந்தக் கோட்டில் ஈரம் புகும். அண்ணனும் ராக்கனோடு நின்று இழைத்தார். உள்ளங்கை கொப்புளித்தும் நிறுத்தவில்லை. நான்கு சுவர்களும் பளிங்குபோல ஆயின. மதினி எட்டிப் பார்த்து, முகம் தெரிகிறது என்றார். அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஐப்பசியில் சுவர் வேர்த்தது. முதலில் முத்து முத்தாக, பிறகு வழிந்தது. கொஞ்சம் வெயில் வந்தால் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, நிறைந்துவிட்ட ஊருணியிலிருந்து தண்ணீர் வாங்கி மறுபடி பூசலாம், ஆறுவதற்கு இரண்டு மாதம் பிடிக்கும் என்றார் ராக்கன். அண்ணன் சரி என்றார். கொத்துவதற்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் எங்கள் ஊருக்கு மேலே, மிகத் தாழ்வாக, ஒரு விமானம் போனது. யாருடையது என்று தெரியாது. அண்ணன் கட்டிலோடு கீழே இறங்கிவிட்டார்.

அறை உலர வேண்டுமானால் அவர் வெளியே வர வேண்டும். அவரால் வர முடியவில்லை. அடுத்த மாதம் கொத்தலாம் என்பார். உளியோடு வந்த ராக்கன் மூன்று முறை திரும்பிப் போனார். நாள் முழுவதும் துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருப்பார் அண்ணன். மதினி ஐந்து நாள் அவரோடு கீழே இருந்து பார்த்தார். ஆறாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு படியேறினார்.

“மலையில நடந்தப்பக்கூட எனக்கு மூச்சு முட்டல. இங்கதான் முட்டுது,” என்றார். “எம்புள்ளையை இங்க பெக்க மாட்டேன்.”

மாசியில் மேல்வீட்டில் பெண் பிறந்தாள். அழுகுரல் கேட்டு அண்ணன் நான்கு படி ஏறி வந்து, அங்கேயே நின்றார். குழந்தையை நாங்கள்தான் கொண்டுபோய்க் காட்டினோம்.

சண்டை முடிந்த செய்தியை நானே போய்ச் சொன்னேன். “குண்டு போடுறவன் சொல்லிட்டா வருவான்?” என்று கேட்டார். அதற்குள் ஈளை கண்டிருந்தது. பேச்சைவிட மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஆலங்குடியிலிருந்து வந்து பார்த்த வைத்தியர், ஈரமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சண்டை முடிந்து மூன்றாம் ஆண்டு, இந்த மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் கட்டிலை எடுக்க இறங்கினேன். தோள் உயரத்தில், துடைத்துத் துடைத்துப் பூச்சு தேய்ந்து கல் தெரிந்தது. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன். கரித்தது.

துக்கம் கேட்க வந்திருந்த ராக்கன் மேலே நின்றார். அறையை என்ன செய்வது என்று மதினியிடம் கேட்டார். மண்ணைப் போட்டு மூடச் சொன்னார் மதினி. அவர் உள்ளே போனபின், தவறு என்னுடையது என்று ராக்கனிடம் சொன்னேன். ஆறு ஆண்டுகளில் ஒருவரிடமும் சொல்லாதது.

“தெரியும் தம்பி,” என்றார் ராக்கன். “அண்ணனுக்கும் அந்த ஐப்பசியிலேயே தெரியும். படிக்கிற புள்ள, அவன்கிட்ட இதைச் சொல்லிராதேன்னாரு.”

மறுநாள் வண்டியில் மண் வந்து இறங்கியது. நானும் கூடை சுமந்தேன்.