மார்கழிக்கு முன் வைத்த ஒரு பலகை: எம்மன்புரூக்கேயிலிருந்து யூரா மலைக்கு

லுட்சேர்ன் ரயில் நிலையத்தில் எனக்கு எதிரே நின்ற ஒரு பெண்மணியின் பார்வை என் முகத்தில் தொடங்கி மெதுவாகக் கீழே இறங்கிக் காலில் போய் நின்றுவிட்டது. நானும் குனிந்து பார்த்தேன். வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு. சாம்பல் நிறம், மூக்கில் ஒரு மான் குட்டி. ஜனவரி கடைசி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து என் மனுசியின் அழைப்பு வந்தது.

"என்னப்பா, சப்பாத்து வாசலிலை அப்பிடியே கிடக்கு. எதைப் போட்டுக்கொண்டு போனியள்?"

"மான்குட்டியை" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு மேடை முழுக்கக் கேட்டிருக்கும்.

திரும்பிப் போக நேரமில்லை. அன்றைய பயணம் அப்படிப்பட்டது. இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பழைய வீடு வாங்கி வைத்திருப்பவர்களும், வாங்கப்போகும் பிள்ளைகள் உள்ளவர்களும் இருப்பீர்கள். அதனால் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வழியில் ரயில் விசயமும் சொல்கிறேன், அதுவும் உதவும்.

என் மகள் நிலானியும் மருமகன் சுதர்சனும் இரண்டு வருடத்துக்கு முன் பீல் நகரத்துக்கு மேலே, யூரா மலைப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய வீடு வாங்கினார்கள். அந்தப் பக்கம் வீடு மலிவு. ஏன் மலிவு என்பது முதல் குளிர்காலத்தில் தெரிந்தது. சுவருக்குள் காற்று குடித்தனம் நடத்துகிறது. எண்ணெய் எரித்து எரித்து மாளாது. என் பேத்திக்கு இரண்டு வயது; வீட்டில் சூடு நிற்கிற ஒரே இடம் குசினி என்பதால், அடுப்புக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு அங்கேதான் படுக்க வைத்தார்கள். மருமகனுக்குப் பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை, இப்போது அங்கே வேலை குறைத்து அரைநாள்தான். மகள் முதியோர் இல்லத்தில் பகுதி நேரம்.

வீட்டுக்கு வெளியே சுற்றிவர இசொலாட்சியோன் போட, அதாவது சுவருக்குப் போர்வை போர்த்த, அரசாங்கம் மானியம் தருகிறது. வீடு சூடாக்க நாங்கள் எரிக்கிற எண்ணெயில் அறவிடும் வரியிலிருந்துதான் அதில் ஒரு பங்கு வருகிறதாம். அப்படிப் பார்த்தால் என் மகள் தன் காசைத்தான் திருப்பிக் கேட்கிறாள். ஆனால் கேட்கும் முறை இருக்கிறது. கன்டோனுக்கு, அதாவது மாகாண அரசுக்கு, விண்ணப்பம் போட வேண்டும். ஆலோசகர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கன்டோன் 'தருகிறோம்' என்று உறுதி எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் வேலை தொடங்கலாம். வேலை முடிந்து பற்றுச்சீட்டுகள் போன பிறகுதான் காசு வரும். பணக்காரனுக்கும் இதே முறை, ஏழைக்கும் இதே முறை. வித்தியாசம், ஏழைக்கு நடுவில் ஒரு வங்கி தேவைப்படும். மகளின் வங்கி, கன்டோனின் உறுதிக் கடிதத்தைக் கண்டால்தான் கடன் தருவோம் என்றுவிட்டது. கடிதம் இல்லை என்றால் கடன் இல்லை. பேத்தி இன்னொரு குளிர்காலமும் குசினியில்.

நவம்பரில் நிலானி விண்ணப்பம் போட்டாள். "அப்பா, பதில் வருமட்டும் ஒருத்தரும் சுவரிலை கை வைக்கக் கூடாது" என்று எனக்கும் சொன்னாள். நானும் ஓம் என்றேன்.

பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். மார்கழி பிறக்கப் போகிறது. மார்கழியில் எங்கள் ஆட்கள் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. தையில் நல்ல நாள் வரும்போது கட்டடக்காரர் வேறு வீட்டுக்குப் போய்விட்டால்? ஐயருக்கு அழைத்தேன். கார்த்திகை முடிவதற்குள் ஒரு நாள், காலையில் நல்ல நேரம் இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் தவறிய என் மூளை ஒரு கணக்குப் போட்டது: வேலை தொடங்கத்தானே கூடாது? வீடு கட்ட நாட்கல் வைப்பதில்லையா? அதுபோல ஒரு நாட்பலகை வைத்தால் போகிறது. சாமி காரியத்தைக் கன்டோன் கணக்கெடுக்குமா?

கட்டடச் சாமான் கடையில் ஒரேயொரு இசொலாட்சியோன் பலகை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மகள் வேலைக்குப் போயிருந்த நேரம், வடகிழக்கு மூலையில், வடக்குச் சுவரில் நாலு திருகாணியால் பூட்டினேன். சந்தனம், குங்குமம், மாவிலை, கற்பூரம். மருமகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று, "மாமா, இது பிரச்சினை இல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டார். நான் படம் எடுத்துக் கைப்பேசியில் சொந்தக்காரர் குழுவில் போட்டேன். 'மகள் வீட்டு வேலை இனிதே ஆரம்பம்' என்று கீழே எழுதினேன். கனடாவிலிருந்துகூடக் கைகூப்பினார்கள்.

ஜனவரியில் நிலானி அழைத்தாள். ஆலோசகர் வருகிறாராம், செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு. வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மானியம் இல்லை என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதாம். "உங்கடை பலகையை என்ன செய்யிறது அப்பா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பைக்குள் ஒரு ஸ்குரூட்ரைவர். எல்லோருக்கும் முன்னே போய்ச் சத்தமில்லாமல் பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

நான் இருக்கும் எம்மன்புரூக்கேயில் காலை எட்டு ஐந்துக்கு ஏறி, லுட்சேர்னிலும் ஓல்ட்டனிலும் மாறி, பீலுக்குப் பத்து மணிக்குச் சற்று முன் வந்துவிடலாம். அரைக்கட்டண அட்டை இருந்தால் மலைக்குப் போய்வர ஐம்பது பிராங்க் அளவில் முடியும். என் திட்டப்படி பத்து இருபது ரயிலில் ஏறிப் பதினொன்றுக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். ஆனால் மான்குட்டியோடு பனியில் மலையேற முடியுமா? நிலையத்துக்கு எதிரே ஒரு சப்பாத்துக் கடைக்குள் ஓடினேன். மலிவான சோடி தேடியதில் ஒரு ரயில் போய்விட்டது. எழுபத்தொன்பது பிராங்க். தேடாமல் வாங்கியிருந்தாலும் அதே சோடிதான்.

பதினொன்று இருபது ரயிலுக்கு ஓடிவந்து, கண்ட கதவால் ஏறினேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஏறிய அந்த ரயில் சொன்ஸ்போ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி மகளின் பள்ளத்தாக்குக்கு, மறு பாதி மலையைக் குடைந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு. ஜன்னலில் இருட்டு வந்தபோது, இந்த வழியில் இதுவரை இல்லாத சுரங்கம் எப்படி வந்தது என்று யோசித்தேன். தவான் நிலையத்தில் இறங்கிச் சீட்டுப் பரிசோதகரைப் பிடித்தேன். தொழிற்சாலையில் பழகிய டொச், அதாவது ஜெர்மன் மொழிதான் எனக்குத் தெரியும். அவர் பிரெஞ்சு பேசுகிறவர், ஆனாலும் டொச்சில் பதில் சொன்னார்.

"முன்பாதி அங்கே, பின்பாதி இங்கே. அறிவித்தோமே."

"பிரெஞ்சில் அறிவித்தீர்கள்."

"டொச்சிலும் அறிவித்தோம், ஐயா."

அறிவித்திருப்பார்கள். அந்த நேரம் நான் குனிந்து புதுச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேடையில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பதும் கைப்பேசியைப் பார்ப்பதுமாக இருந்தேன். திரும்பிச் சொன்ஸ்போ வந்து, சரியான பாதியில் ஏறி, மகளின் ஊரில் இறங்கும்போது மணி ஒன்று. நிலையத்திலிருந்து வீடு ஒரு கிலோமீட்டர், ஏற்றம். ஓடினேன் என்று எழுத ஆசை. வழுக்கினேன் என்பதுதான் உண்மை.

வீட்டு முன்னால் ஒரு சின்னக் கார் நின்றது. வீட்டைச் சுற்றிப் போனால், வடக்குச் சுவருக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். நிலானி இடுப்பில் பிள்ளை, பிள்ளைக்கு இரண்டு தொப்பி. பக்கத்தில் சுதர்சன். நடுவில் நரைத்த கூந்தலோடு ஒரு பெண்மணி, கழுத்தில் படம் பிடிக்கும் கருவி. சுவரில் எங்கே சூடு ஒழுகுகிறது என்று நிறத்தில் காட்டும் கருவி அது. அவர் கருவியைப் பார்க்கவில்லை. காய்ந்த மாவிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பா இவ்வளவு நேரம்?" என்றாள் நிலானி மெல்ல. "இவ முதல் வேலையா இஞ்சைதான் வந்தவ."

ஆலோசகர் என்னிடம் டொச்சில் கேட்டார். "இதை வைத்தது நீங்களா?"

"நான்தான்."

"எப்போது?"

"டிசம்பர் தொடக்கத்தில்."

"கன்டோனின் பதில் வருவதற்கு முன்."

அது கேள்வி இல்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "சில வீடுகளில் தடிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு மாதிரித் துண்டு பூட்டிப் பார்ப்பார்கள். இதுவும் அப்படி ஒன்றா?"

நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நுழைந்தால் போதும். மருமகன் கண்ணாலேயே ஓம் என்று சொல்லச் சொன்னார். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

நிலானி முந்திக்கொண்டாள். பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்குப் 'பப்பா' என்பது மட்டும் மூன்று தரம் கேட்டது. சொல்லி முடித்து என் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதைச் சொல்லிப்போட்டன் அப்பா. நீங்கள் படத்தோடை 'வேலை ஆரம்பம்' எண்டு ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறியள். நாளைக்கு அது இவையின்ரை கையிலை வந்தா, மிச்சமும் போயிடும்."

"நான் இப்ப ஓம் எண்டுதான் சொல்ல வந்தனான், பிள்ளை."

"தெரியும். அதுதான் நான் கதைச்சனான்."

ஆலோசகர் என்னைப் பார்த்தார். "ஏன் அந்த நாள்?"

மார்கழியைத் தொழிற்சாலை டொச்சில் விளக்க முயன்றேன். ஒரு மாதம். அதில் எதையும் தொடங்கமாட்டோம். நல்லதல்ல.

"முழு மாதமுமா? அப்போது உங்கள் கட்டடக்காரர் என்ன செய்வார்?"

"காத்திருப்பார்."

"அப்படியென்றால் எங்களுக்காகவும் காத்திருந்திருக்கலாமே" என்றார்.

சுதர்சன் இருமுவது போலச் சிரித்தார்.

"இப்போதே கழற்றிவிடவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். இருப்பதை இருப்பது போலவே எழுதுவேன். முடிவெடுப்பது நான் இல்லை, அலுவலகம்."

பிறகு வீட்டுக்குள் போய் நிலவறை, கூரை, ஜன்னல் எல்லாம் பார்த்தார். குசினிக் கட்டிலுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். தேத்தண்ணியும் எங்கள் பொரித்த றோல்ஸ் ஒன்றும் எடுத்தார். முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. அவர் போன பிறகு நான் பையைத் திறக்க, ஸ்குரூட்ரைவர் உருண்டு விழுந்தது.

"மாமா, இது என்னத்துக்கு?"

"பிள்ளையின்ரை விளையாட்டுச் சாமான் திருத்த" என்றேன். மருமகன் அதை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். நல்ல மனிசன்.

திரும்பும் வழியில் சரியான பாதியில்தான் ஏறினேன், ஆனால் பீல் வரும்வரை நம்பிக்கை இல்லை. அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் மானியத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. கைப்பேசி அடித்தால் மனுசி முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் கைப்பேசியை. உள்ளதைச் சொன்னதால் கெட்டுவிட்டதோ என்று ஒரு நாள் நினைப்பேன். பொய் சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் எப்படி இருந்திருக்கும் என்று மறுநாள் நினைப்பேன். இரண்டிலும் நித்திரை இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை: கையில் உறுதிக் கடிதம் வரும்வரை சுவரில் ஆணி, சுரண்டல், சடங்கு எதுவும் வேண்டாம். கட்டடக்காரரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதும் தொடக்கமாக எடுக்கப்படலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு கன்டோனுக்கும் விதி வேறு. டீட்டிகோனில் இருக்கும் மச்சான் சொன்னார் என்று யூராவில் செய்யாதீர்கள். சில நகரசபைகள் மேலதிகமாகவும் கொடுக்கின்றன, வாய் திறந்து கேளுங்கள். கட்டாயம் நாள் பார்ப்பவர்கள் விண்ணப்பத்தை அனுப்புகிற நாளைப் பாருங்கள். அந்தப் பக்கம் போகும் ரயிலில் ஏறுமுன் பெட்டியில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். உங்கள் காலையும் ஒருதரம் குனிந்து பாருங்கள்.

பெப்ரவரி நடுவில் நிலானி அழைத்தாள். நான் எழுந்து நின்றுதான் எடுத்தேன்.

"அப்பா, கடிதம் வந்திட்டுது. கூரைக்கும் மூண்டு சுவருக்கும் தருகினமாம். வங்கியும் ஓம் எண்டிட்டுது."

"வடக்குச் சுவர்?"

"அதுக்கு இல்லை. அதிலை வேலை தொடங்கியிட்டுதாம்." அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தடுமாறுவது கேட்டது. "பறவாயில்லை, பிள்ளையின்ரை அறை கிழக்குப் பக்கம்தானே. அது வாற குளிருக்கு முதல் முடிஞ்சிடும்."

"வடக்குச் சுவர் என்ரை செலவு. நானே வந்து செய்யிறன். பலகை, ஆணி, சாந்து எல்லாம் நான் பார்க்கிறன். கடிதம் வந்திட்டுதுதானே, இனித் தொடலாம்."

"நீங்களோ? முதுகு?"

"முதுகும் வரும்."

"அப்பா, கோவிக்காமல் சொல்லுங்கோ. நான் அவ்வளவு சொல்லியும் ஏன் அந்த அவசரம்?"

"மார்கழி வருகுது எண்டுதான், பிள்ளை."

வீடு தேடியது அவர்கள், வங்கியோடு கதைத்தது அவர்கள், எனக்கு விளங்காத மொழியில் விண்ணப்பம் எழுதியதும் அவர்கள். அந்த வீட்டில் எனக்குச் செய்யத் தெரிந்தது நல்ல நேரம் பார்ப்பது ஒன்றுதான். இப்போது கன்டோன் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு சுவர் முழுதாக எனக்குக் கிடைத்துவிட்டது. அதில் எனக்கு வந்த சந்தோசத்தை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.