லாக்கரில் ஃபோன் இருக்கும்போது வந்த பதிவு

என் பிளாக் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் எழுதியது. ஆந்திர எல்லையில் எங்கள் ஊர் சத்தியவேட்டில் ஏறினால் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஜன்னலோர சீட்டுக்கு நான் சண்டை போடுவது காற்றுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு வேண்டியது சிக்னல். ஆப்பில் கட்டைவிரலால் தட்டி, எத்தனை மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்துவிட்டால் பதிவு தானாக வெளியாகிவிடும். கம்பெனி வாசலில் ஃபோனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். நான் லைனில் நின்று ஒயர் சொருகிக்கொண்டிருக்க, பதினொரு மணிக்கு என் பதிவு ஊரெல்லாம் போகும். அதில் எனக்கு ஒரு திமிரான சந்தோஷம்.

சாதத்தில் கிடந்த கல், பஸ்ஸில் தூங்கும் முகங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. ஒரு நாள் டோக்கனைப் பற்றி எழுதினேன். எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். அதற்குப் பயந்து நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இதைத்தான் எழுதினேன், கம்பெனி பெயர் போடாமல். பிளாக்கின் தலைப்பில் என் பெயர் மட்டும் இருந்தது.

மத்தியானமே ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் தன் ஃபோனில் என் பதிவைத் திறந்து வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படித்துச் சொல்ல எங்கள் சூப்பர்வைசர் அக்காவை நிற்க வைத்திருந்தார்.

"ஏமம்மா, உன் ஃபோன் எங்க லாக்கர்ல இருக்கு. ஃபைல்ல நீ தெலுகு மீடியம். தமிழ்ல இத யாரு எழுதினது? மீ ஆயன ராசாடா?"

என் வீட்டுக்காரர் எழுதினாரா என்று கேட்கிறார். அவர் ஊத்துக்கோட்டைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர் என்பதையும் மேனேஜர் விசாரித்து வைத்திருந்தார். வீட்டுக்காரரே எழுதினார் என்று நான் ஒரு கடிதம் கொடுத்து, பதிவை அழித்துவிட்டால் என் வேலைக்கு ஒன்றும் ஆகாதாம்.

"ஆமான்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருடி" என்று அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

எனக்கு வந்த கோபம் டோக்கனுக்குக்கூட வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித்தராத எழுத்தை, சென்னை பஸ் போர்டுகளையும் மளிகை சுற்றி வந்த காகிதங்களையும் பார்த்துப் பார்த்து நானாகப் பிடித்தவள் நான். என் வீட்டுக்காரர் ஒரு வாழ்த்து அனுப்பக்கூட என்னைத்தான் கேட்பார். என் எழுத்தை அவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

"நான்தான் சார் எழுதினேன். பஸ்ஸுலயே டைம் போட்டு வச்சுட்டேன்."

அவர் நம்பவில்லை. லாக்கரிலிருந்து ஃபோனை வரவழைத்து, "அப்படின்னா இப்பவே அழி, பாக்கறேன்" என்றார்.

ஆப்பைத் திறந்தேன். அழிப்பதற்கான பொத்தான் அங்கேதான் இருந்தது. மகளின் ஸ்கூல் வேனுக்குக் கட்ட வேண்டிய பணம் நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த 'திருத்து' பொத்தானைத் தொட்டேன். அடியில் ஒரு வரி தட்டி, புதுப்பித்துவிட்டு, ஃபோனை மேசையில் வைத்தேன்.

"போயிந்தா?" என்று அவர் அக்காவைப் பார்த்தார். போய்விட்டதா என்று.

அக்கா அவர் ஃபோனில் பக்கத்தை மறுபடி திறந்தாள்.

"இல்ல சார். ஒரு வரி சேத்துக்கீறா. 'இதை எழுதியவள் நான். என் வீட்டுக்காரருக்கு இதில் பங்கு கிடையாது.'"

அப்போதே என் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஃபோனைக் கையில் கொடுத்தார்கள். கேட் வரைக்கும் அக்காவையே கூட அனுப்பினார்கள், நான் லைன் பக்கம் போய்விடக் கூடாதென்று. வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி கையெழுத்து வாங்க நோட்டைத் தேடிய நேரத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த லிங்க்க எனக்கு அனுப்புடி. சாயங்காலம் ஃபோனு கைக்கு வந்ததும் நாப்பது பேருக்கும் போடறேன்."