சிராஜ் நானா கையெழுத்துப் போடாத தாள்

கொள்முதல் நிலையத்தில் என் நெல் மூன்றாம் நாளாகக் குவிந்து கிடந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று இரண்டு முறை எடை போட மறுத்துவிட்டார்கள். அன்று காலை நல்ல வெயில். நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது தங்கராசு போன் செய்தான். "கலியா, எங்கடா இருக்கே? நானா போயிட்டாங்கடா" என்றான். எந்த நானா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அண்ணன் என்று இருந்தது அந்த ஒரே நானாதான். தார்ப்பாயைக்கூட இழுத்து மூடாமல் வண்டியை எடுத்தேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாவம், சிராஜ் பாய். கடைசி காலத்துல சீட்டாட்டக் கேஸுல மாட்டிக்கிட்டு அலைஞ்சே போய்ச் சேந்துட்டாரு. அபராதத்தைக் கட்டிட்டு வந்திருக்கலாம்." அது சண்டை போடும் இடமல்ல. அதனால் இங்கே போடுகிறேன். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்: அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அது அவருக்குப் பொருந்தாது. வேண்டுமானால் எனக்குப் பொருந்தும்.

சிராஜுதீன் குவைத்துக்கு எலெக்ட்ரீஷியனாகப் போய், முப்பத்தோரு வருடம் கழித்து ஃபோர்மேனாகத் திரும்பியவர். நான் அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். கீழ்க் கட்டில் அவருக்கு, மேல் கட்டில் எனக்கு. பதினாறு வருடம் அப்படிப் போனது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் அறையில் இருந்த மலையாளிகள் எங்களுக்கு 'இருபத்தெட்டு' ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம் அது. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அது என்னவென்று கூட்டாளிக்கும் தெரியாது. ஆனாலும் கூட்டாளியை நம்பி ஆட வேண்டும். அவரும் நானும் கூட்டாளிகள்.

அந்த ஆட்டத்தில் பணத்துக்கு வேலையே இல்லை. தோற்றவர் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அறையில் கைக்கு எட்டியது துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப். மாட்டிய கிளிப்பை அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் கழற்றலாம். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் தொடர்ந்து தோற்று, சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. நான் கழற்றிவிட்டேன். நானா இரண்டு காதிலும் கிளிப்போடு மெஸ்ஸுக்கு வந்து வரிசையில் நின்றார். பல தேசத்துக்காரர்களும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "கழட்டுங்க நானா, மானம் போவுது" என்றேன். "சிரிக்கட்டும் தம்பி. தோத்தது நெசந்தானே" என்றார். அவரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஊர் திரும்பிய பிறகு கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த அவருடைய எஸ்.டி.டி. பூத்தைத் திறந்து நான்கு நாற்காலி போட்டோம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த தங்கராசு, மஸ்கட்டில் டிரைவராக இருந்த பன்னீர், நாங்கள் இருவர். நாலு மணிக்கு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது எழுந்துவிடுவோம். மூன்று பக்கமும் கண்ணாடி. சாலையில் போகிற ஆடு மாடுகூட எங்கள் சீட்டைப் பார்க்கலாம். ஒளித்து ஆட வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை.

போலீஸ் வந்த அன்று நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். நானாவின் காதில் இரண்டு கிளிப், என் காதில் இரண்டு. எஸ்.ஐ. ஊருக்குப் புதியவர். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்னய்யா நடக்குது இங்க?" என்றார்.

"இருபத்தெட்டுங்க சார். உக்காருங்க, டீ சொல்றேன். அடுத்த ஆட்டத்துல சேந்துக்கலாம்" என்றார் நானா.

அவர் கேலி செய்யவில்லை. வந்தவரை உட்காரச் சொல்வது அவர் பழக்கம். எஸ்.ஐ. அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் சட்டைப்பைகளில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பி, பக்கத்தில் சீட்டை வைத்துப் படம் பிடித்தார்கள். அதில் பன்னீரின் மாத்திரைச் சீட்டும் இருந்தது. ஜீப்பில் ஏறுமுன் நான் கிளிப்புகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நானா கடைத்தெரு முழுக்கப் பார்க்க, காதில் கிளிப்போடு ஏறி உட்கார்ந்தார். ஏட்டு அதட்டியதற்கு, "ஆட்டம் இன்னும் முடியலைங்களே" என்றார். ஸ்டேஷனில் அவர் காதிலிருந்து கழற்றி, என் பையிலிருந்தும் எடுத்து, கைப்பற்றிய பொருள்களில் 'பிளாஸ்டிக் கிளிப் நான்கு' என்று எழுதினார்கள். ஒவ்வொரு கிளிப்பும் ஒரு தொகைக்கு அடையாளமாம். நாங்கள் துணி கிளிப்பை வைத்துச் சூதாடினோமாம்.

அப்புறம் ஒரு தாளை நீட்டினார்கள். பணம் வைத்து ஆடியதாக ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கோர்ட்டில் சின்ன அபராதத்தோடு முடிந்துவிடும் என்றார்கள். ஏட்டு என் பக்கம் குனிந்து, "உங்க பையனுக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் நம்மகிட்டதான் வரும், தெரியும்ல?" என்றார். என் மகன் அப்போது தோஹா வேலைக்குக் காத்திருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். தங்கராசுவும் பன்னீரும் போட்டார்கள். நானா தாளை இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தார்.

"சூது எங்களுக்கு ஹராம் சார். ஆடியிருந்தா ஆடினேன்னு சொல்லியிருப்பேன். ஆடாததை எப்படி எழுதிக் குடுக்கறது?"

"பூத் உன் பேர்ல இருக்கு பாய். சூதாட்ட விடுதி நடத்துனேன்னு தனி கேஸ் போடுவேன்."

"போடுங்க."

போட்டார்கள். மறுநாளே நானா பள்ளிவாசல் நிர்வாகக் குழுவிலிருந்து தானாக விலகினார். யாரும் கேட்கவில்லை. "தீர்ப்பு வந்தப்புறம் வந்து உக்காந்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கெட்ட பெயரைத் துடைத்துவிட்டுத்தான் குழுவுக்குத் திரும்புவேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நாங்கள் மூவரும் கோர்ட்டில் தலையைக் குனிந்து "ஆமாம்" என்று சொல்லி, அபராதம் கட்டிவிட்டு வந்தோம்.

நானா அமர்த்திய வக்கீல் சூதாட்டச் சட்டத்தை எங்களுக்கு விளக்கினார். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. சோதனை போட்ட இடத்தில் சீட்டுக்கட்டு இருந்தாலே அது சூதாட்ட விடுதி என்று எடுத்துக்கொள்ளலாமாம். இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டுமாம். "எங்க வீட்டுல அருவாமணை இருக்கு வக்கீல் சார். கொலைக் கேஸும் போட்டுருவாங்களா?" என்றார் நானா. வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையெழுத்துதான் அவருக்கு எதிரான பெரிய சாட்சி என்று அதே வக்கீல் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் நான் பூத் பக்கமே போகவில்லை. கடைத்தெருவைச் சுற்றி வாய்க்கால் கரை வழியாக வயலுக்குப் போனேன். ஒருநாள் நடவு நடந்துகொண்டிருந்தபோது நானா வரப்பில் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "என்ன தம்பி, கூட்டாளி இல்லாம நான் எப்படி ஆடறது?" என்றார். நான் கையெழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "உனக்குப் புள்ளை இருக்கான், பயந்தே. பயந்தது தப்பில்லை. நாலு மணிக்கு வந்துரு." அந்த மனுஷனைப் பார்த்து அழுதேன். வரப்பில் நின்று, நடவு ஆட்கள் பார்க்க அழுதேன்.

மறுநாள் பூத்தில் புதுச் சீட்டுக்கட்டும், ஒரு டஜன் புதுக் கிளிப்பும் இருந்தன. கேஸ் நடக்கும்போது ஆடலாமா என்று பன்னீர் பயந்தான். நானாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "முப்பத்தோரு வருஷம் ஊதுன சங்குக்கு எந்திரிச்சேன், அடிச்ச மணிக்குச் சாப்பிட்டேன். எல்லாத்துக்கும் ஒருத்தன் கணக்கு வெச்சிருந்தான். இந்த ரெண்டு மணி நேரம் என்னோடது. இதை எவனுக்காகவும் விடமாட்டேன். போடு சீட்டை" என்றார்.

வழக்கு நாலு வருடம் நடந்தது. சாட்சிக்கு வர வேண்டிய போலீஸ்காரர் வரமாட்டார். நீதிபதி மாற்றலாகிப் போவார். வாய்தா, வாய்தா என்று தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் நாங்கள் நால்வரும் ஒரே பேருந்தில் போனோம். அந்தப் பேருந்தின் முதுகில் கைப்பேசியில் ரம்மி ஆடக் கூப்பிடும் விளம்பரம் ஒட்டியிருந்தது. சிரித்த முகத்தோடு ஒரு நடிகர், பக்கத்தில் எவ்வளவு ஜெயிக்கலாம் என்ற விவரம். "இவர் கூப்புட்டா விளையாட்டு, நான் கூப்புட்டா சூதாட்ட விடுதி" என்பார் நானா. பிறகு அந்த ஆட்டங்களையும் தடை செய்தார்கள் என்று செய்தி வந்தது. அந்த நடிகர் எந்தக் கோர்ட்டிலும் வாய்தாவுக்கு நின்றதாக நான் படிக்கவில்லை.

ஒருவழியாக விசாரணை வந்தது. நீதிபதி பொருள்களைப் பார்த்துவிட்டு, "இந்த கிளிப் எதுக்கு?" என்று கேட்டார். நானா அனுமதி வாங்கிக்கொண்டு முன்னால் போய், சீல் பிரித்த பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார். எழுபத்திரண்டு வயது, வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, காதில் நீல நிறக் கிளிப். "இதுக்குத்தாங்க ஐயா. தோத்தா மாட்டிக்கணும். ஜெயிச்சாத்தான் கழட்டணும். அன்னிக்கு ஆட்டம் பாதியில நின்னு போச்சு." கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் வாயைத் துடைப்பதுபோல் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு நான் கூண்டில் ஏறினேன். நானா என்னைக் கூப்பிடவில்லை. நானே வக்கீலிடம் போய், சாட்சி சொல்கிறேன் என்றேன். அரசு வக்கீல் என் பழைய தாளைத் தூக்கிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? பணம் வெச்சு ஆடினேன்னு ஒத்துக்கிட்டீங்களா இல்லையா?"

"ஒத்துக்கிட்டேங்க."

"அப்ப அது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அதுதாங்க பொய். பயந்து போட்டேன்."

சொல்லிவிட்டு நானாவைப் பார்த்தேன். நல்ல ஏலம் கேட்டால் கூட்டாளியைப் பார்த்து மெல்லத் தலையாட்டுவாரே, அப்படி ஆட்டினார். என் வாழ்க்கையில் நான் சம்பாதித்ததில் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தீர்ப்புக்குத் தேதி குறித்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால் நெஞ்சு வலி என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அங்கே இருந்தார். நாலாம் நாள் காலையில்தான் தங்கராசுவின் போன். தீர்ப்புத் தேதியன்று நாங்கள் மூவரும் அதே பேருந்தில் போனோம். வக்கீல் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்படுவதாக எழுதினார்கள். குற்றவாளி என்றும் எழுதவில்லை, குற்றமற்றவர் என்றும் எழுதவில்லை. நாலு வருடம் ஒரு மனிதர் காத்திருந்த ஒரு சொல்லை எழுத அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே செருப்புத் தேடிய நண்பரே, கணக்கு இதுதான். நால்வரில் குற்றவாளிப் பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர் ஒருவர்தான். அவரைத்தான் நீங்கள் பாவம் என்றீர்கள்.

போன வாரம் அவர் மகள் ஷமீமா என் வீட்டுக்கு வந்து ஒரு கவரைக் கொடுத்தாள். உள்ளே ஒரு பச்சைக் கிளிப். "ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டுப் போன சட்டைப்பையில இருந்துச்சு மாமா. உங்ககிட்ட குடுக்கச் சொல்லி உம்மா சொன்னாங்க" என்றாள். கடைசியாக நாங்கள் ஆடிய அன்று தோற்றிருந்தோம். தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கிளிப்தான்.

மறுநாள் வக்கீலிடம் போனேன். நான் தலைகுனிந்து ஒத்துக்கொண்ட அந்த வழக்கைத் திரும்ப எடுக்க மனு போடச் சொன்னேன். அவருக்கு வியப்பு. "ஒத்துக்கிட்ட கேஸு, கட்டின அபராதம், வருஷமும் ஓடிப்போச்சு. நிக்கறது கஷ்டம் சார். இப்ப எதுக்கு இந்த வேலை?" என்றார். "தோத்தது பொய்ங்க" என்றேன். தங்கராசுவும் பன்னீரும் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

பூத் திறந்துதான் இருக்கிறது. கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறோம். சாலையில் ஜீப்பில் போகிறவர்களுக்கும் தெரியும். மூன்று பேரை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு ஆட முடியாது, ஓர் ஆள் வேண்டும். யார் வேண்டுமானாலும் நாலு மணிக்கு வரலாம். பணம் கொண்டுவர வேண்டாம். இரண்டு காது இருந்தால் போதும்.