மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்

எட்டு வயதில் எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவேன். என்னையும் மிஞ்சிய ஒரு சந்தேகப் பேர்வழி எங்கள் மந்தைவெளி வீட்டிலேயே இருந்தார். அப்பாதான்.

கல்லூரியில் கணக்குப் படித்த அக்காவுக்கு ஸ்கூட்டி வாங்கித் தந்ததே அரை மனசோடுதான். வேகமாக ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் சாவி பீரோவுக்குள் போய்விடும், அப்புறம் பஸ்தான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், கல்லூரி சேர்ந்ததும் இன்னொன்று. அப்பா தூரத்தை நேரத்தால் வகுப்பார். தினமும் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வரும். “தங்கம்டி என் பொண்ணு” என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொள்வார்.

அடையாறு பாலத்தைத் தாண்டி என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அக்கா தன் கல்லூரிக்குப் போவாள். ஒருநாள் பாலத்தின்மேல் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மீட்டர் முள் அறுபதில் இருந்தது. அடிப்பாவி!

அன்று சாயங்காலமே போட்டுக்கொடுத்தேன். அப்பா சிரித்துவிட்டார்.

“ஆறு கிலோமீட்டருக்கு அரை மணி ஆவுது. இதுல அறுபது எங்கேர்ந்து வரும்? மீட்டர் ரிப்பேரா இருக்கும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் பள்ளி வாசலில் இறங்கியதும் அக்காவையே பிடித்துக்கொண்டேன். “ஒரு மணி நேரமே நாம ஓட்டலையே, அப்புறம் எப்படி அறுபது?”

“அப்பாகிட்ட வத்தி வெச்சியா, பிசாசே?” என்று முறைத்தாள். ஆனாலும் கணக்கு என்றால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“ஒரு மணி நேரம் எதுக்கு? ஒரு நிமிஷத்துல ஒரு கிலோமீட்டர் போனாலும் அறுபதுதான். நிமிஷத்தை விடு, ஒரு செகண்ட் எடுத்துக்கோ. அதுல பாதி, அதுலயும் பாதி. நேரம் சின்னதா ஆக ஆக, தூரத்தை நேரத்தால வகுத்தா வர்ற நம்பர் ஏதோ ஒண்ணை நெருங்கிட்டே போவும். அதான் அந்த நொடியோட வேகம். அப்பா போடறது மொத்த வழிக்கும் சராசரி.”

“அப்போ அப்பா கணக்கு தப்பா?”

“கரெக்ட்டுதான். அவருக்கு அது போதும். இனிமே வாயைத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்.”

நான் நம்பவில்லை. அன்று வகுப்பு முழுக்க ஒரு நொடியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே இருந்தேன், முடியவே இல்லை. இல்லாத நேரத்தில் வண்டி எப்படி ஓடும்? அக்கா காதில் பூ சுற்றுகிறாள், மீட்டர்தான் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த வருஷம் அக்கா ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்து, கட்டினால் இவரைத்தான் என்று நின்றாள். அப்பா இடிந்துபோனார். “வீட்டை விட்டா காலேஜ், காலேஜை விட்டா வீடு. இவனை எங்கடி பார்த்தே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், குரலே உடைந்துவிட்டது. நானும் அவர் பக்கத்தில் நின்று அக்காவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதில் பறந்தவளுக்குச் சராசரி பன்னிரண்டு என்றால், என்னை இறக்கிவிட்ட பிறகு ஏதோ ஓரிடத்தில் முள் வெகுநேரம் பூஜ்யத்தில் இருந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை அவளே எனக்குப் பள்ளி வாசலில் நின்று சொல்லிக்கொடுத்திருந்தாள். எனக்குத்தான் ஏறவில்லை.