தென்னையடியில் புதைத்த மீன்

கலாஜினிக்கு மீன் நாற்றம் புதிதல்ல. தன்னாமுனையில் பிறந்து, வாவியில் வலை போடும் ஜெயந்தனைக் கட்டி, நாளாந்தம் மீன் கழுவிப் பழகிய கை அவளுடையது. அப்படிப்பட்டவள் மீன்சட்டியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடத் தொடங்கியபோது, பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றுதான் அயலில் பேசிக்கொண்டார்கள். அவள் ஒரு கடிதத்தைப் படித்ததால் வந்த குமட்டல் அது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் சரித்திரம் படித்த பட்டதாரி. அரச வேலை கிடைக்கவில்லை. வீட்டு விறாந்தையில் ரியூசன் கொடுத்துக் காலம் ஓடிற்று. ஏறாவூருக்கு இப்பால், வாவியோரம் பாழாய்க் கிடந்த பழைய தென்னந்தோட்டத்தையும் பங்களாவையும் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கி ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தது. கூரை பிரித்தபோது இரண்டு தகரப் பெட்டி நிறையக் காகிதம் அகப்பட்டது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்துத் தோட்டத்துரை, லண்டனில் இருந்த முதலாளிக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள். மனேஜர் நிஷாந்த் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ், இதுகள வாசிச்சு நல்ல நல்ல கதையாப் பாத்து எடுத்துத் தாங்க. சுவரில போர்ட் அடிச்சு மாட்டப் போறம். வெளிநாட்டுக்காரனுக்குப் பழைய காலமெண்டாப் பைத்தியம்."

பெட்டியைத் திறந்ததும் எலி மூத்திர வாடை முகத்தில் அடித்தது. தாள்களுக்கிடையில் பூச்சிகள் நசுங்கி ஒட்டிக் கிடந்தன. முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சில நாளில் அந்த வாடை பழகிவிட்டது. எழுதியிருந்ததுதான் பழகவில்லை.

துரையின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. வருடக் கணக்காக அவருக்கு ஒரே முறைப்பாடு: இந்த ஊர்ச் சனம் கூலிக்கு வருகுதில்லை. அவர்களுக்குச் சொந்த வயல்வட்டை இருக்கிறது, எருமை இருக்கிறது, வாவி நிறைய மீன் இருக்கிறது. வயிறு நிறைந்தவனை எதைக் காட்டி வேலைக்கு இழுப்பது? அரசாங்கம் வரியைக் கடுமையாக்கினால்தான் வழிக்கு வருவார்கள் என்று எழுதியிருந்தார்.

பிறகொரு வருடம் மாடுகளுக்குக் கொள்ளை நோய் வந்தது. எருமைகள் செத்து வயல்கள் உழவின்றிக் கிடந்தன. மழையும் பொய்த்தது. அந்த வருடக் கடிதம், 'தங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி' என்று தொடங்கியது. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்தெல்லாம் சனம் குடும்பம் குடும்பமாக வருகிறதாம். அரைக் கூலிக்கே ஆள் தாராளமாம்.

அதே தாளில் துரையின் குதிரைக்கு வயிற்றுவலி வந்த கதை அரைப் பக்கத்துக்கு இருந்தது. குதிரைக்குப் பெயர் இருந்தது. வந்த சனத்தில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

அடுத்த கடிதத்தில்தான் மீன் வந்தது. வாவி மீனை வண்டி வண்டியாக வாங்கி, தென்னையடியில் பசளையாகப் புதைப்பது தோட்டத்து வழக்கம். பசியில் கிடந்த கூலியாட்கள் பொழுதுபட்டதும் அதைத் தோண்டி எடுத்துச் சமைத்துத் தின்றார்கள். அழுகிய மீனைத் தின்னும் இவர்களுக்கு மனித நாக்கு இல்லை போலும் என்று வியந்த துரை, அதற்கொரு மருந்தும் கண்டுபிடித்தார். புதைக்குமுன் மீனின்மேல் தார் ஊற்றச் சொன்னார். 'செலவு சொற்பம். பலன் திருப்தி' என்று முடித்திருந்தார்.

கலாஜினி பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

வீட்டில் ஜெயந்தன் பதறிப்போனான். "என்னகா இது, மீனத் தொடவே மாட்டேங்காய்? ஆசுபத்திரிக்குப் போவமா?"

"எனக்கு ஒண்டுமில்ல. அந்த மனிசன்ட எழுத்து தொண்டைக்குள்ள நிக்கிது."

கடிதத்தில் இருந்ததை அவள் சொல்லக் கேட்டான். மறுநாளிலிருந்து மீனைக் கரையிலேயே வெட்டிக் கழுவி, தானே சமைத்தான்.

நிஷாந்திடமும் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். "ஐயோ மிஸ், சாப்பிடுற இடத்தில இத மாட்டேலுமா?"

"மாட்டேலாட்டி விடுங்க சேர். பொய் மட்டும் எழுதாதீங்க."

"நீங்க யோசிக்காதீங்க, நான் பாத்துக்கொள்றன்" என்று சிரித்தார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் திறப்பு விழா மதிய விருந்தில் தெரிந்தது. சுவரில் பெரிய போர்ட். 'பஞ்ச காலத்தில் துரை அவர்கள் வாவி மீனை ஏழைத் தொழிலாளருடன் பகிர்ந்துகொண்டார்.' கீழே, 'ஆய்வு: கலாஜினி'. மெனுவில் 'துரை பகிர்ந்த மீன்' என்றொரு புதுக் கறி. வாழையிலையும் தேங்காய்ப்பாலுமாக அது மேசைக்கு மேசை போயிற்று. விருந்தினர்கள் போர்ட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எச்சில் பட்டதுபோல் கூசியது. இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்ததும், போனில் எடுத்து வைத்திருந்த கடிதப் படத்தைத் திறந்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். மகிழ்ச்சியான செய்தி, அரைக் கூலி, குதிரை, மீன், தார். கரண்டிச் சத்தம் மெல்ல அடங்கிற்று. சிலர் இலையைத் தள்ளி வைத்தார்கள். முன்மேசையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் மட்டும், "அதெல்லாம் அந்தக் காலந்தானே, தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்து முள் உறிஞ்சினார். துரையைவிட அந்த மனிதர்மேல்தான் அவளுக்கு அருவருப்பு அதிகமாக வந்தது.

நிஷாந்த் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். அவள் மேசையில் கிடந்த முள்ளுக்கரண்டியை எடுத்து, போர்ட்டில் இருந்த தன் பெயரைச் சுரண்டி அழித்துவிட்டு வெளியேறினாள். வேலை அத்தோடு போயிற்று.

நாலைந்து நாள் கழித்து தனுஷியா போன் எடுத்தாள். தோட்டத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்புப் பெண். ஹோட்டலில் பரிமாறுகிறவள். அன்று சுவரோரம் நின்று எல்லாம் கேட்டவள்.

"அக்கா, வேலைய விட எங்களுக்கு ஏலா. ஆனா அந்தக் கறியத் தூக்க மாட்டமெண்டு பரிமாற நிக்கிற புள்ளைகள் எல்லாரும் சொல்லிப்போட்டம்."

"மனேஜர் என்ன சொன்னார்?"

"கத்தினார். வேலையால நிப்பாட்டிருவன் எண்டார். நாங்க கையக் கட்டிக்கிட்டு நிண்டம். மறுகா ஆரோ வெள்ளைக்காரர் அதக் கேக்க, மனேஜரே தூக்கிக்கொண்டு போய், சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டார். இப்ப மெனுவில அது இல்ல, அக்கா. போர்ட்டையும் கழட்டியாச்சு."

கலாஜினி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். தான் எடுத்த கடிதப் படங்கள் அனைத்தையும், படித்த பல்கலைக்கழகத்து நூலகத்துக்குக் கொடுத்தாள். விறாந்தையில் மீண்டும் ரியூசன் தொடங்கிற்று. மீன் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

போன மாதம் நிஷாந்த் போன் எடுத்தார். ஒன்றும் நடவாததுபோல் குரல்.

"மிஸ், சுகமா? அந்தக் காலத்தில இங்கயிருந்து யானை ஏத்துமதி செஞ்சவங்களாமே. அத ஒரு சின்னப் போர்ட்டா, நல்ல கதையா எழுதித் தரேலுமா?"

கலாஜினி போனை வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் காதை அழுத்தித் துடைத்துவிட்டு, பிள்ளைகள் இருந்த விறாந்தைக்குப் போனாள்.